ஆய்வுச் சுருக்கத்தின் தரத்தைக் கணினி மதிப்பிட முடியுமா?

கேள்வி: காரைக்குடிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். எங்கள் ஆண்டுக் கருத்தரங்குக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலுமாக நூற்றுக்கணக்கான ஆய்வுச் சுருக்கங்கள் வருகின்றன. எல்லாவற்றையும் பொறுமையாகப் படிக்க ஆள் போதவில்லை. ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கு இத்தனை என்று கணினியே மதிப்பெண் போடும்படி செய்ய முடியுமா?

பதில்:

நூற்றுக்கு இத்தனை என்று ஓர் எண்ணைக் கணினியிடமிருந்து வாங்குவது மிக எளிது. அந்த எண்ணை நம்பி ஒரு மாணவரின் சுருக்கத்தைத் திருப்பி அனுப்புவதைத்தான் நான் எதிர்க்கிறேன். சுருக்கத்தில் என்ன இருக்கிறது, என்ன விடுபட்டிருக்கிறது என்று பார்த்து, எழுதியவரிடமே கேள்வி கேட்கும் வேலைக்குக் கணினியை வைத்துக்கொள்ளுங்கள். அந்த வேலையை அது நன்றாகச் செய்யும். ஏற்பதா மறுப்பதா என்ற முடிவு உங்கள் நடுவர்களிடமே இருக்கட்டும்.

உங்கள் ஊர்ப் பொருளான ஆத்தங்குடி கல்லையே, அதாவது கையால் வார்க்கும் பூ வேலைத் தரைக்கல்லையே, வைத்து இரண்டு சுருக்கங்களை நானாகவே எழுதிக் காட்டுகிறேன். ஆய்வும் கற்பனை, முடிவும் கற்பனை. முதலாவது:

"ஆத்தங்குடி கல் தமிழர் கலைத்திறனின் தலைசிறந்த அடையாளமாகும். உலகமயமாதலின் விளைவாக இக்கைவினை நலிந்து வருகிறது. இக்கட்டுரையில் உமிச் சாம்பலைப் பயன்படுத்திப் புதுமையான, சூழலுக்கு உகந்த கற்கள் உருவாக்கப்பட்டு அவற்றின் வலிமை விரிவாக ஆராயப்பட்டுள்ளது. முடிவுகள் மிகவும் ஊக்கமளிப்பனவாக உள்ளன. இவ்வாய்வு கைவினைஞர்களின் வாழ்வில் பெரும் மாற்றத்தை ஏற்படுத்தும்."

இரண்டாவது:

"ஆத்தங்குடி கல்லின் அடிக்கலவையில் சிமெண்டில் ஒரு பகுதிக்குப் பதிலாக உமிச் சாம்பலைச் சேர்த்தால் கல்லின் வளைவு வலிமை குறையுமா என்று பார்த்தோம். 0, 10, 20 விழுக்காடு சாம்பல் சேர்த்து, வகைக்கு 12 கற்கள் வார்த்து, 28 நாள் கழித்துச் சோதித்தோம். 10 விழுக்காட்டில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 20 விழுக்காட்டில் வலிமை குறைந்தது. பூ வேலை உள்ள மேல்பரப்பின் தேய்மானத்தைச் சோதிக்கவில்லை."

எது நல்ல சுருக்கம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முதலாவதில் எத்தனை கல், எவ்வளவு சாம்பல், எத்தனை நாள், வலிமை கூடியதா குறைந்ததா, எதுவுமே இல்லை. ஆனால் எழுத்தின் மேல்தோற்றத்தை மட்டும் அளக்கும் ஒரு மென்பொருளிடம் இரண்டையும் கொடுத்துப் பாருங்கள். முதலாவதில் பின்னணி இருக்கிறது, நோக்கம்போல் ஒன்று இருக்கிறது, 'முடிவுகள்' என்ற சொல் இருக்கிறது, பயன் சொல்லப்பட்டிருக்கிறது, நடையும் மெருகாக இருக்கிறது. ஆகவே அது முதலாவதுக்குக் கூடுதல் மதிப்பெண் போட்டாலும் வியப்பதற்கில்லை. நூற்றுக்கணக்கில் வரும் சுருக்கங்களில் முதல் வகைதான் எண்ணிக்கையில் அதிகம் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

இந்தச் சிக்கல் புதியதல்ல. கணினியால் கட்டுரை திருத்தும் முயற்சி 1960-களிலேயே தொடங்கிவிட்டது. அமெரிக்காவில் எல்லிஸ் பேஜ் 1966-இல் இதைப் பற்றி எழுதினார். அவருடைய முறை கட்டுரையின் பொருளைத் தொடவில்லை. கட்டுரையின் நீளம், சொற்களின் நீளம், நிறுத்தக்குறிகள் போன்ற எண்ணக்கூடிய அடையாளங்களை எடுத்துக்கொண்டு, அவற்றிலிருந்து ஆசிரியர் போடக்கூடிய மதிப்பெண்ணை ஊகித்தது. ஊகம் பெரும்பாலும் பொருந்தவும் செய்தது, ஏனென்றால் நன்றாக எழுதும் மாணவர்கள் பொதுவாக நீளமாகவும் எழுதுகிறார்கள். ஆனால் நீளம்தான் மதிப்பெண் தருகிறது என்று தெரிந்த நாளிலிருந்து மாணவர் நீளத்துக்காகவே எழுதுவார். எம்.ஐ.டி.யைச் சேர்ந்த லெஸ் பெரல்மன் 2014-இல் மாணவர்களோடு சேர்ந்து ஒரு மென்பொருளே உருவாக்கிக் காட்டினார். ஓரிரு சொற்களைக் கொடுத்தால், பொருளே இல்லாத, ஆனால் இலக்கணமும் பெரிய பெரிய சொற்களும் நிறைந்த கட்டுரையை அது கக்கும். மதிப்பெண் போடும் மென்பொருள்கள் அதற்கு உயர்ந்த மதிப்பெண் கொடுத்தன.

சுருக்கங்களில் இந்த ஆபத்து இன்னும் கூடுதல். பப்மெட் என்ற மருத்துவ ஆய்வுத் தொகுப்பில் உள்ள சுருக்கங்களை ஆராய்ந்து 2015-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கட்டுரை வந்தது. 'புதுமையான', 'முன்னெப்போதும் இல்லாத' போன்ற புகழ்ச்சிச் சொற்கள் 1974–1980 காலத்தில் 2.0 விழுக்காடு சுருக்கங்களில் இருந்தன, 2014-இல் 17.5 விழுக்காட்டில் இருந்தன. நாற்பது ஆண்டுகளில் அறிவியல் அத்தனை மடங்கு சிறந்துவிட்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எழுதுகிறவர்கள் விற்கக் கற்றுக்கொண்டார்கள். அந்தச் சுருக்கங்களை வைத்துப் பயிற்றுவித்த மென்பொருளும் விற்பனை நடையைத்தான் நல்ல நடை என்று கற்றிருக்கும்.

அப்படியானால் கணினி எதை உருப்படியாகப் பார்க்கும்?

ஒவ்வொரு வாக்கியமும் என்ன வேலை செய்கிறது என்று அதனால் பிரித்துச் சொல்ல முடியும். பின்னணி, நோக்கம், முறை, முடிவு, கருத்துரை என்று ஐந்து வகை. 2017-இல் டெர்னொன்கூர், லீ என்ற இருவர் மருத்துவச் சோதனைகளைப் பற்றிய ஏறத்தாழ 2 லட்சம் சுருக்கங்களை, சுமார் 23 லட்சம் வாக்கியங்களை, இப்படி வகைப்படுத்திய தொகுப்பாக வெளியிட்டார்கள். அதை வைத்துப் பயிற்றுவித்த நிரல்கள் ஒரு வாக்கியம் முறையைச் சொல்கிறதா முடிவைச் சொல்கிறதா என்பதை நன்றாகவே கண்டுபிடிக்கின்றன. என் முதல் எடுத்துக்காட்டில் ஐந்து வாக்கியங்களில் இரண்டு பின்னணி, ஒன்று வாக்குறுதி. முறைக்கும் முடிவுக்கும் ஒப்புக்குத் தலா ஒரு வாக்கியம். இந்தக் கணக்கு ஒன்றே நடுவருக்குப் பெரிய உதவி.

அதற்கு மேல், ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு சரிபார்க்கலாம். மருத்துவத் துறையில் இதற்கென்றே பட்டியல்கள் இருக்கின்றன. சீரற்ற முறையில் ஆட்களைப் பிரித்துச் செய்யும் சோதனைகளுக்கான கான்சார்ட் பட்டியலின் சுருக்கப் பதிப்பு 2008-இல் வந்தது. ஒரு கேள்வியைப் பற்றிய ஆய்வுகளையெல்லாம் திரட்டி எடைபோடும் முறைசார் மதிப்பாய்வுகளுக்கான பிரிஸ்மா பட்டியலின் சுருக்கப் பதிப்பு 2013-இல் 12 கேள்விகளோடு வந்தது. எத்தனை பேர் பங்கேற்றார்கள், முதன்மை விளைவு (சோதனை முக்கியமாக அளக்க எண்ணியது) எது, அதன் அளவு என்ன, தீங்குகள் சொல்லப்பட்டனவா என்பவை போன்ற கேள்விகள். இவற்றுக்கு 'இருக்கிறது', 'இல்லை' என்றுதான் விடை. இப்படிப்பட்ட கேள்விகளில்தான் சாட்ஜிபிடி போன்ற இன்றைய பெரிய மொழி மாதிரிகளை ஓரளவு நம்பலாம். "இந்தச் சுருக்கம் எப்படி?" என்று கேட்டால் அவை பூசி மெழுகிப் பதில் சொல்லும். "எத்தனை கற்கள் சோதிக்கப்பட்டன? அதைச் சொல்லும் வாக்கியத்தை அப்படியே எடுத்துக் காட்டு, இல்லையென்றால் இல்லை என்று சொல்" என்று கேட்டால் தப்பிக்க வழி குறைவு. எடுத்துக் காட்டிய வாக்கியம் உண்மையிலேயே சுருக்கத்தில் இருக்கிறதா என்பதைச் சாதாரணத் தேடலாலேயே சரிபார்த்துவிடலாம்.

ஆனால் ஒரே பட்டியலை எல்லாத் துறைக்கும் நீட்டாதீர்கள். அழகப்பா பல்கலைக்கழகமும் மத்திய மின்வேதியியல் ஆய்வகமும் ஒரே ஊரில் இருக்கும்போது உங்களுக்கு வரும் சுருக்கங்களின் வகையைக் கேட்க வேண்டாம். மின்கலத்தைப் பற்றிய சுருக்கம் என்றால் ஒரு கிராமுக்கு எத்தனை மில்லியாம்பியர் மணி, எத்தனை சுழற்சிக்குப் பிறகு எவ்வளவு மிஞ்சியது என்ற எண்கள் இல்லாமல் அதைச் சுருக்கமென்றே ஏற்க முடியாது. நகரத்தாரின் ஒன்பது கோயில் பிரிவுகளையும் திருமணப் பதிவான இசைகுடிமானத்தையும் ஆராயும் சுருக்கத்தில் அப்படி எண்களைத் தேடினால் நல்ல ஆய்வைக் குப்பையில் போடுவீர்கள். அங்கே கேட்க வேண்டியவை வேறு: எந்தக் காலத்து ஆவணங்கள், எந்த ஊர்களில் கிடைத்தவை, யாரிடம் கேட்டுப் பதிவு செய்தார்கள், முன்னவர்கள் சொன்னதிலிருந்து இவர் எங்கே மாறுபடுகிறார். துறைக்கு ஆறேழு கேள்விகள் போதும். அவற்றை அந்தந்தத் துறையில் நன்றாகப் படித்தவர் எழுத வேண்டும். இந்த வேலையைக் கணினித் துறையிடம் தள்ளிவிடாதீர்கள்.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகத் தோன்றும் சோதனை ஒன்று இருக்கிறது. அதைப் பெரும்பாலான கருத்தரங்குகள் செய்வதே இல்லை. சுருக்கம் சொல்வதும் கட்டுரை சொல்வதும் ஒன்றுதானா என்று பார்ப்பது. 1999-இல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் பிட்கின் குழுவினர், ஆறு மருத்துவ இதழ்களில் வெளிவந்த சுருக்கங்களைக் கட்டுரைகளோடு ஒப்பிட்டார்கள். சுருக்கத்தில் உள்ள தரவு கட்டுரையில் வேறு மாதிரி இருந்தது, அல்லது கட்டுரையில் இல்லவே இல்லை. இப்படிக் குறையுள்ள சுருக்கங்கள் இதழுக்கு இதழ் 18 முதல் 68 விழுக்காடு வரை இருந்தன. இவை நடுவர் கண்ணைத் தாண்டி அச்சேறியவை! 2010-இல் அதே இதழில் பூத்ரோன் குழுவினர் 72 மருத்துவச் சோதனைகளை எடுத்துப் பார்த்தார்கள். முதன்மை விளைவில் புள்ளியியல்படி வேறுபாடு எதுவும் தெரியாத சோதனைகள் அவை. அவற்றில் 58.3 விழுக்காட்டுச் சுருக்கங்களின் முடிவுரை, சிகிச்சை பயன் தந்ததுபோல் எழுதப்பட்டிருந்தது. சுருக்கத்தை மட்டும் படிக்கும் மனிதராலும் இவற்றைப் பெரும்பாலும் கண்டுபிடிக்க முடியாது, கணினியாலும் முடியாது. தனியாகப் பார்த்தால் சுருக்கம் பல நேரம் குறையே இல்லாததுபோல் இருக்கும்.

கட்டுரையும் கையில் இருந்தால் கணினி இங்கே மனிதரைவிட வேகமாக வேலை செய்யும். சுருக்கத்தில் உள்ள ஒவ்வொரு எண்ணையும் எடுத்து, கட்டுரையின் அட்டவணைகளில் அது எங்கே வருகிறது என்று தேடச் சொல்லுங்கள். கிடைக்காத எண்களை மட்டும் நடுவருக்குக் காட்டச் சொல்லுங்கள். முழுக்கட்டுரை பிறகுதான் வரும் என்றால், அது வந்தபின் இந்தச் சோதனையை ஓட்டுங்கள். சான்றிதழ் அச்சடிப்பதற்கு முன் செய்தால் போதும்.

சரி, எல்லாம் செய்தபின் கணினியின் மதிப்பீடு சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நடுவர் போடும் மதிப்போடு ஒப்பிட வேண்டும். ஆனால் அதற்கு முன் நடுவர்கள் தங்களுக்குள் ஒத்துப்போகிறார்களா என்று பார்க்க வேண்டும். இந்தப் படியைத் தாண்டிக் குதிக்கிறவர்கள் ஏராளம். ஐம்பது சுருக்கங்களை இரண்டு நடுவர்கள் தனித்தனியாகப் பார்த்ததாக வைத்துக்கொள்வோம். 35-ஐ இருவரும் ஏற்றார்கள். 5-ஐ இருவரும் மறுத்தார்கள். மீதி 10-இல் ஆளுக்கு 5-ஐ ஒருவர் ஏற்க மற்றவர் மறுத்தார். 50-இல் 40 ஒத்துப்போனது, 80 விழுக்காடு, பிரமாதம் என்று தோன்றும். ஆனால் இருவருமே பெரும்பாலானவற்றை ஏற்கிறவர்கள். கண்ணை மூடிக்கொண்டு போட்டாலும் 68 விழுக்காடு ஒத்துப்போயிருக்கும். ஜேகப் கோஹன் 1960-இல் தந்த காப்பா என்ற அளவு இந்தத் தற்செயல் பங்கைக் கழித்துவிடுகிறது. முழு ஒப்புதல் என்றால் காப்பா 1, வெறும் தற்செயல் என்றால் 0. இந்தக் கணக்கில் அது 0.38-தான் வரும். நடுவர்களே இந்த அளவில் இருக்கும்போது, 'எங்கள் மென்பொருள் 90 விழுக்காடு துல்லியம்' என்று யாராவது விற்க வந்தால், யாருடைய தீர்ப்போடு ஒப்பிட்டுச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள். காப்பா குறைவாக வந்தால் நடுவர்களைக் குறை சொல்லவும் வேண்டாம். கேள்விகள் தெளிவாக இல்லை என்பதுதான் பெரும்பாலும் காரணம். உட்கார்ந்து பேசி, கேள்வியைத் திருத்தி, மறுபடி பாருங்கள்.

தமிழ்ச் சுருக்கங்களுக்குத் தனியாகச் சில வார்த்தைகள். மேலே சொன்ன தொகுப்புகளும் கருவிகளும் ஏறக்குறைய எல்லாமே ஆங்கிலத்துக்காகச் செய்யப்பட்டவை. தமிழுக்கு வரும்போது முதல் தடை எழுத்திலேயே இருக்கிறது. தமிழ்த் துறைகளிலிருந்து வரும் கோப்புகளில் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்தவை இன்னும் உண்டு. திரையில் நமக்கு அழகான தமிழ். கணினிக்கு அது ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த குழப்பம். அதை அப்படியே மதிப்பிடக் கொடுத்தால், முப்பது ஆண்டு உழைத்த அறிஞரின் சுருக்கம் சுழியம் வாங்கும். எல்லாக் கணினிக்கும் பொதுவான ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றிய பின்பும் தொல்லை தீரவில்லை. 'கொ' என்ற எழுத்தின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், எகரக் குறியும் துணைக்காலும் என இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான், தேடும் நிரலுக்கு இரண்டும் வெவ்வேறு சொற்கள். எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் மற்ற வேலை.

படிப்பதற்கு எளிதா என்று அளக்கும் வாய்பாடுகளைத் தமிழில் தொடவே தொடாதீர்கள். ருடால்ஃப் ஃப்ளெஷ் 1948-இல் தந்த வாய்பாடு, வாக்கியத்துக்கு எத்தனை சொல், சொல்லுக்கு எத்தனை அசை என்று கணக்கிடுகிறது. அதிலுள்ள எண்கள் ஆங்கிலத்தை வைத்து நிர்ணயிக்கப்பட்டவை. 'ஆராயப்பட்டிருக்கின்றன' என்பது நமக்கு ஒரே சொல், எந்த மாணவருக்கும் புரியும் சொல். வாய்பாட்டுக்கு அது மலை. ஆங்கிலத்தில் அந்த வாய்பாட்டுக்கு ஒரு பயன் உண்டு. 2017-இல் ஈலைஃப் இதழில் 1881 முதல் 2015 வரையிலான ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட சுருக்கங்களை அளந்து, அறிவியல் எழுத்து ஆண்டுக்கு ஆண்டு படிக்கக் கடினமாகி வருகிறது என்று காட்டினார்கள். லட்சக்கணக்கில் போக்கைக் காட்ட உதவும் அளவு, தனியொரு மாணவருக்கு மதிப்பெண் போட உதவாது. சொல் வரம்பையும் கவனியுங்கள். 250 சொற்கள் என்று இரு மொழிக்கும் ஒரே வரம்பு வைத்தால், குறைந்த சொல்லில் அதிகம் சொல்லும் தமிழில் அது தாராளமான இடம். அந்த இடத்தை நிரப்பத்தான் உலகமயமாதல் வாக்கியம் வந்து சேர்கிறது.

செயற்கை நுண்ணறிவு எழுதிய சுருக்கங்களைப் பற்றியும் கேட்பீர்கள். 2025-இல் சயின்ஸ் அட்வான்சஸ் இதழில் வந்த ஆய்வு, 2024-ஆம் ஆண்டின் உயிர்மருத்துவச் சுருக்கங்களில் குறைந்தது 13.5 விழுக்காடு மொழி மாதிரிகளின் கை பட்டவை என்று, திடீரெனப் பெருகிய சொற்களை வைத்து மதிப்பிட்டது. ஆனால் அது மொத்தத்தைப் பற்றிய கணக்கு. இந்த ஒரு சுருக்கம் அப்படியா என்று தீர்ப்பளிக்கும் கருவிகளை நான் நம்புவதில்லை. ஆங்கிலம் தாய்மொழியல்லாத நம் மாணவர்கள்மேல் வீண்பழி விழுவதற்கே அவை வழி செய்யும். மாணவர் மொழியைத் திருத்திக்கொள்ள உதவி பெற்றிருந்தால் எனக்கு மறுப்பில்லை. எத்தனை கல் வார்த்தார் என்பதை அவர் சொல்லியிருக்க வேண்டும்.

மொழி மாதிரியையே நடுவராக வைப்பதில் வேறு தொல்லைகளும் உண்டு. நீளமான பதிலுக்குச் சாய்வது, இரண்டை ஒப்பிடும்போது எது முதலில் வருகிறது என்பதைப் பொறுத்து மாறுவது, தன் நடையைப்போல் இருப்பதை விரும்புவது ஆகிய மூன்றும் ஆய்வுகளில் பதிவானவை. அதோடு ஏமாற்றும் நடக்கிறது. 2025 ஜூலையில் ஜப்பானின் நிக்கேய் நாளிதழ், ஆய்வுக் கட்டுரைகளை நடுவர் பார்க்கும் முன்பே வெளியிடும் ஆர்க்சைவ் தளத்தில் இருந்த 17 கட்டுரைகளில் வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்தாகவும் மிகச் சிறிய எழுத்தாகவும் ஒளித்துவைத்த கட்டளைகளைக் கண்டுபிடித்தது. நல்லபடியாக மட்டும் மதிப்பிடு என்று கணினிக்குச் சொல்லும் வரிகள் அவை. ஆகவே பி.டி.எஃப். கோப்பை அப்படியே ஊட்டாதீர்கள்.

இனி நீங்கள் செய்யக்கூடியது. கணினிக்குப் போகுமுன் உங்கள் விண்ணப்பப் படிவத்தை மாற்றுங்கள். ஒரே பெரிய பெட்டிக்குப் பதிலாக ஐந்து சிறிய பெட்டிகள் வையுங்கள்: என்ன கேள்வி, என்ன செய்தீர்கள், எதன்மேல் அல்லது யாரிடம், என்ன கிடைத்தது, எதைச் செய்யவில்லை. மருத்துவ இதழ்கள் 1987 முதல் தலைப்பிட்ட சுருக்கத்தை இதற்காகவே கேட்கத் தொடங்கின. நேரடியாகத் தட்டச்சு செய்யும் பெட்டி என்பதால் பழைய எழுத்துருத் தொல்லையும் ஒளித்த எழுத்தும் பெருமளவு ஒழியும். 'என்ன கிடைத்தது' என்ற பெட்டியின் முன்னால் உட்காரும்போதுதான் பலருக்குத் தங்கள் ஆய்வில் இன்னும் எதுவும் கிடைக்கவில்லை என்பதே தெரியவரும். அவர்கள் அடுத்த ஆண்டு வரட்டும்.

அதன்பின் துறைவாரிக் கேள்விகளைக் கணினியிடம் கொடுங்கள். 'இல்லை' என்று வந்தவற்றை எழுதியவருக்கே ஒரு வாரக் கெடு கொடுத்துத் திருப்பி அனுப்புங்கள். என் இரண்டாவது எடுத்துக்காட்டுக்கும் ஒரு கேள்வி போகும்: 20 விழுக்காட்டில் வலிமை குறைந்தது என்கிறீர்கள், எவ்வளவு குறைந்தது? நல்ல ஆய்வாளர் பத்து நிமிடத்தில் அந்த எண்ணைச் சேர்த்து அனுப்பிவிடுவார். திருத்தி வந்தவற்றை மட்டும் நடுவர்கள் படிக்கட்டும். கணினி 'எல்லாம் இருக்கிறது' என்று சொன்னவற்றிலும் பத்துக்கு ஒன்றை எடுத்துக் கையால் சரிபாருங்கள். எந்தத் துறையில் அது தவறுகிறது என்று அப்போதுதான் தெரியும். ஆய்வு புதியதா, தேவையானதா என்ற கேள்வியை அதனிடம் கேட்கவே வேண்டாம். அதற்கு அந்தத் துறையில் ஊறியவர் வேண்டும்.

கடைசியாக, இவை இன்னும் வெளியாகாத ஆய்வுகள். சிலவற்றில் காப்புரிமைக்கு உரிய பொருளும் இருக்கலாம். எழுதியவரின் ஒப்புதல் இல்லாமல் எந்த நிறுவனத்தின் இணையச் சேவையிலும் ஏற்றாதீர்கள். கல்லூரி ஆய்வகக் கணினியிலேயே ஓடக்கூடிய சிறிய திறந்த மாதிரிகள் இப்போது கிடைக்கின்றன. இருக்கிறதா இல்லையா என்ற வகைக் கேள்விகளுக்கு முதலில் அவற்றை முயன்று பாருங்கள், தமிழில் எப்படிச் செய்கின்றன என்பதைத் தனியாகச் சோதித்துக்கொள்ளுங்கள். கருத்தரங்கு அழைப்பிதழிலேயே ஒரு வரி அச்சிடுங்கள்: "சுருக்கங்களில் விடுபட்ட விவரங்கள் கணினி உதவியோடு கண்டறியப்படும், ஏற்பும் மறுப்பும் நடுவர்களின் முடிவு."